காலம் தாண்டிய கிண்ணம்: வேறு வேறு காலத்துச் சம்பியன் அணிகளை மோதவிடுவது எப்படி?

இந்த அத்தியாயம் வன்னிப் பாடசாலைகளின் விளையாட்டுக் கழகங்களுக்கும், சனசமூக நிலையங்களில் கூடும் இளைஞர்களுக்கும், பரிசளிப்பு விழாவுக்கு முந்திய வாரத்தில் மாணவருக்குப் புதிதாக ஒன்று கொடுக்க நினைக்கும் பொறுப்பாசிரியர்களுக்கும் உரியது. மைதானம் வேண்டாம், மின்சாரமும் கட்டாயமில்லை. ஆறு தாயக்கட்டைகள், ஒரு கொப்பி, கைத்தொலைபேசியிலுள்ள கணிப்பான் ஆகியவை போதும். 1972இன் லொஸ் ஏஞ்சலீஸ் லேக்கர்ஸும் 1996இன் சிக்காகோ புல்ஸும் 2017இன் கோல்டன் ஸ்டேட் வொரியர்ஸும் ஆகிய அமெரிக்கக் கூடைப்பந்து அணிகள் ஒரே கிண்ணத்துக்காக மோதும் சுற்றுப்போட்டியை ஒரு பிற்பகலில் நடத்தி முடிக்கலாம். அது கைவந்த பிறகு இலங்கை வலைப்பந்து அணிகளுக்கும், கடைசியாக உங்கள் ஊர் அணிகளுக்கும் வரலாம். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். எண்கள் நிறைந்த இடத்தில் பழகியவரால்தான் எண்கள் குறைந்த இடத்தில் நிதானமாகக் கணக்குப் போட முடியும்.

எதை ஒப்பிடுகிறோம்?

கட்டையைத் தொடும் முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். இத்தகைய போட்டிகள் சண்டையில் முடிவதற்குக் காரணம் கூடியிருப்பவர்கள் வேறு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதுதான். “1972 அணியைக் கால இயந்திரத்தில் ஏற்றி இன்றைய மைதானத்தில் இறக்கினால் என்ன ஆகும்?” என்பது ஒரு கேள்வி. “தன் காலத்து எதிரணிகளை அதிகமாக விஞ்சி நின்ற அணி எது?” என்பது இன்னொன்று. முதலாவதற்குப் போட்டியே தேவையில்லை. உணவு, பயிற்சி, சப்பாத்து, மருத்துவம் எல்லாம் முன்னேறியிருப்பதால் பெரும்பாலும் கடைசியாக வந்த அணிதான் வெல்லும். இரண்டாவதுதான் விளையாடத் தக்கது, நியாயமானதும் அதுவே. ஓர் அணி தன் முன் வந்து நின்றவர்களோடுதான் விளையாட முடியும், பிறக்காதவர்களை வெல்லவில்லை என்று அதைக் குறைசொல்ல முடியாது. இரணைமடுக் குளத்தில் நீர் குறைந்த சிறுபோகத்தில் ஒருவர் எடுத்த விளைச்சலை அதே போகத்தில் பக்கத்து வயல்காரர் எடுத்ததோடுதான் ஒப்பிடுவோம், நீர் நிறைந்த ஆண்டின் மூட்டைக் கணக்கோடு அல்ல. இந்த அத்தியாயத்தின் கணக்கு முழுவதும் இந்த ஒரு நியாயத்தின் மேல் நிற்கிறது.

படி 1: நுழைவு விதியை எழுதி ஒட்டுங்கள்

யார் விளையாடலாம் என்பதைக் கட்டை உருட்டுவதற்கு முன்பே எழுதி, எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். நான் சொல்லும் விதி எளியது: அந்த ஆண்டின் கிண்ணத்தை வென்ற அணி மட்டும். இதில் ஒரு பிரபலமான அணி வெளியே போகும். 2015–16 பருவத்தில் வொரியர்ஸ் 82 போட்டிகளில் 73ஐ வென்றது. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக் வரலாற்றில் அதற்குமேல் எவரும் வென்றதில்லை. ஆனால் இறுதித் தொடரில் கிளீவ்லாண்டிடம் 3–4 எனத் தோற்றது. அந்த அணியைச் சேர்க்கச் சொல்லி ஒருவர் நிச்சயம் கேட்பார். சேர்த்தால், தோற்ற மற்ற நல்ல அணிகளை மறுக்க உங்களிடம் காரணம் இருக்காது.

ஒரே விளையாட்டு வீரர் இரண்டு அணிகளில் வரும் சிக்கலுக்கும் இங்கேயே விதி எழுதுங்கள். 1971இல் மில்வாக்கி பக்ஸ் கிண்ணம் வென்றபோது அதன் நடுநாயகமாக 24 வயது லூ அல்சிண்டர் இருந்தார். பின்னர் கரீம் அப்துல் ஜப்பார் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 1987இல் 40 வயதில் லேக்கர்ஸ் அணியோடு மீண்டும் வென்றார். இரண்டு அணிகளும் மோதினால் அவர் தன்னையே மறிக்க வேண்டிவரும். நாம் கணக்கிடுவது ஆட்களை அல்ல, அணி அந்த ஆண்டில் எடுத்த புள்ளிகளை. ஆகவே இருவரும் விளையாடலாம் என்று எழுதிவிடுங்கள்.

படி 2: ஒவ்வோர் அணிக்கும் மூன்று எண்கள்

அணி ஒரு போட்டியில் சராசரியாக எடுத்த புள்ளி, கொடுத்த புள்ளி, அந்தப் பருவத்தில் எல்லா அணிகளும் எடுத்த சராசரி. இவை மூன்றும் போதும். தொடங்குவதற்கு ஆறு அணிகள்:

பக்ஸ் 1971: எடுத்தது 118.4, கொடுத்தது 106.2, பருவச் சராசரி 112.4
லேக்கர்ஸ் 1972: 121.0, 108.7, 110.2
பொஸ்டன் செல்ட்டிக்ஸ் 1986: 114.1, 104.7, 110.2
லேக்கர்ஸ் 1987: 117.8, 108.5, 109.9
புல்ஸ் 1996: 105.2, 92.9, 99.5
வொரியர்ஸ் 2017: 115.9, 104.3, 105.6

பந்து மறிப்பு, பறிப்பு, மூன்று புள்ளி எறிகை என்று விரிவான தரவுகளைச் சேர்த்தால் கணக்கு இன்னும் நுட்பமாகுமே என்று கணினி தெரிந்தவர்கள் சொல்வார்கள். சேர்க்காதீர்கள். என்.பி.ஏ. பந்து மறிப்பையும் பறிப்பையும் பதிவுசெய்யத் தொடங்கியது 1973–74இல். 1972 லேக்கர்ஸில் விளையாடிய வில்ட் சேம்பர்லெயின் மறித்த பந்துகள் அதிகாரபூர்வக் கணக்கில் இல்லை. அவற்றைப் பூச்சியமாக எடுத்தால் பதிவேட்டின் குறையை வீரரின் குறையாக்கிவிடுவோம். மூன்று புள்ளிக் கோடும் 1979–80இல்தான் வந்தது. எல்லாக் காலத்திலும் ஒரே விதமாக எழுதிவைக்கப்பட்டிருப்பது புள்ளி. கிடைக்கும் தரவுகளில் மிக நுட்பமானதைத் தேடுவதைவிட, எல்லா அணிகளுக்கும் பொதுவாக உள்ளதைத் தேடுங்கள். வன்னியின் பழைய அணிகளுக்கு வரும்போது இந்த விதி உங்களைக் காப்பாற்றும்.

படி 3: சுட்டி கணக்கிடுதல்

எடுத்த புள்ளியைப் பருவச் சராசரியால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். இது தாக்குதல் சுட்டி. கொடுத்த புள்ளியையும் அப்படியே செய்தால் தடுப்புச் சுட்டி வரும். தாக்குதல் 100க்கு மேலே போகப் போக நல்லது, தடுப்பு 100க்குக் கீழே வரவர நல்லது.

பக்ஸ் 1971: தாக்குதல் 105.3, தடுப்பு 94.5
லேக்கர்ஸ் 1972: 109.8, 98.6
செல்ட்டிக்ஸ் 1986: 103.5, 95.0
லேக்கர்ஸ் 1987: 107.2, 98.7
புல்ஸ் 1996: 105.7, 93.4
வொரியர்ஸ் 2017: 109.8, 98.8

இங்கே சற்று நின்று பாருங்கள். 1972 லேக்கர்ஸ் எதிரணியைவிடச் சராசரியாக 12.3 புள்ளி அதிகம் எடுத்தது. 1996 புல்ஸும் அதே 12.3தான். வித்தியாசத்தை மட்டும் வைத்துப் பார்ப்பவருக்கு இரண்டும் சமம். ஆனால் லேக்கர்ஸ் விளையாடியது வேகமாக ஓடி, ஒவ்வோர் அணியும் 110 புள்ளி எடுத்த காலம். புல்ஸ் விளையாடியது 99.5 எடுப்பதே வழக்கமாயிருந்த காலம். புள்ளி அரிதாகக் கிடைத்த காலத்தில் பெற்ற 12.3க்குப் பெறுமதி கூட. எடுத்ததைக் கொடுத்ததால் வகுத்தால் லேக்கர்ஸுக்கு 1.113, புல்ஸுக்கு 1.132. வெறும் எண்ணை ஒப்பிடாமல் காலத்தோடு வைத்து ஒப்பிட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பொதுத் தவறு: எல்லா அணிகளுக்கும் ஒரே சராசரியைப் போடுவது. அப்படிச் செய்தால் புல்ஸின் தாக்குதல் மந்தமாகவும், 1972 லேக்கர்ஸின் தடுப்பு ஓட்டையாகவும் தெரியும். இரண்டும் பொய்.

படி 4: எதிர்பார்ப்புப் புள்ளி

நடுநிலை மைதானத்தில் ஓர் அணி சராசரியாக 100 புள்ளி எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். அணி ஒன்றின் எதிர்பார்ப்பு அதன் தாக்குதல் சுட்டியை எதிரணியின் தடுப்புச் சுட்டியால் பெருக்கி 100ஆல் வகுத்தால் வரும். புல்ஸ் – வொரியர்ஸ் போட்டியில் புல்ஸுக்கு 105.7 × 98.8 ÷ 100 = 104.4. வொரியர்ஸுக்கு 109.8 × 93.4 ÷ 100 = 102.6. இடைவெளி இரண்டு புள்ளிகூட இல்லை. ஆறு அணிகள் என்றால் 15 சோடிகள். அவற்றின் எதிர்பார்ப்பை முதல் நாளே கணக்கிட்டு அட்டவணையாக எழுதிவையுங்கள். போட்டி நாளில் கூட்டத்துக்கு நடுவே பெருக்கல் செய்தால் பிழை வரும், பிழை வந்தால் சந்தேகமும் வரும்.

படி 5: கட்டை உருட்டுதல்

எதிர்பார்ப்பை அப்படியே முடிவாக அறிவித்தால் அது போட்டியல்ல, வகுத்தல் பெருக்கல் பாடம். விளையாட்டில் ஏற்ற இறக்கம் உண்டு. அதைக் கட்டை தரும். ஒவ்வோர் அணிக்கும்:

1. லூடோப் பெட்டியில் வரும் ஆறுமுகக் கட்டைகள் ஆறை ஒரு கோப்பையில் குலுக்கி உருட்டுங்கள்.
2. கூட்டுத்தொகையிலிருந்து 21ஐக் கழியுங்கள்.
3. வருவதை இரட்டிப்பாக்குங்கள்.
4. அதை எதிர்பார்ப்புப் புள்ளியோடு கூட்டி, கடைசியில் மட்டும் முழு எண்ணாக்குங்கள்.
5. சமநிலை வந்தால் அணிக்கு இரண்டு கட்டை மேலதிகமாக உருட்டி, கூடியது வென்றது என்று எழுதுங்கள்.

புல்ஸுக்கு 4, 2, 5, 1, 6, 3 விழுந்தால் கூட்டு 21, மாற்றம் இல்லை, 104. வொரியர்ஸுக்கு 5, 5, 3, 6, 2, 4 விழுந்தால் 25, நான்கு கூட, இரட்டித்தால் எட்டு, 110.6. வொரியர்ஸ் 111–104 என வென்றது.

ஆறு கட்டை ஏன், இரட்டிப்பு ஏன்? உண்மையான என்.பி.ஏ. போட்டிகளின் புள்ளி வித்தியாசம் எதிர்பார்ப்பிலிருந்து ஏறக்குறைய 12 புள்ளி என்ற அளவில் விலகும். ஆறு கட்டையை இரட்டித்தால் இரு அணிக்கும் சேர்ந்து கிட்டத்தட்ட அதே விலகல் கிடைக்கிறது. ஒரே கட்டையை உருட்டி ஆறால் பெருக்கிவிடலாமே என்று அவசரக்காரர் சொல்வார். அப்படிச் செய்தால் படுதோல்வியும் பெருவெற்றியும் சாதாரண முடிவைப் போலவே அடிக்கடி வரும். உண்மையில் அவை அரிதாகவே வருகின்றன.

படி 6: நடத்துதல்

முதல் சுற்றில் எல்லோரும் எல்லோரோடும் ஒருமுறை விளையாடட்டும். முதல் நான்கு அணிகள் அரையிறுதிக்கு. இறுதியை மட்டும் ஏழு போட்டித் தொடராக வையுங்கள், முதலில் நான்கு வென்றவருக்குக் கிண்ணம். காரணம் கணக்கில் இருக்கிறது. புல்ஸுக்கும் வொரியர்ஸுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் புல்ஸ் நூறு தனிப்போட்டியில் சுமார் 56ஐத்தான் வெல்லும். ஏழு போட்டித் தொடரில் அது சுமார் 63ஆக உயரும். தொடர் நீளும்போது நல்ல அணிக்கு நியாயம் கூடுகிறது, முழு நியாயம் மட்டும் ஒருபோதும் கிடைப்பதில்லை.

உருட்டுபவர், எழுதுபவர், சரிபார்ப்பவர் என மூவர் வேண்டும். ஒருவரே மூன்றையும் செய்யக்கூடாது. விழுந்த ஆறு எண்களையும் கொப்பியில் எழுதுங்கள், கூட்டை மட்டும் எழுதாதீர்கள். தரையில் விழுந்த கட்டை செல்லாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். வாங்கில் கொப்பி அட்டையைச் சுற்றிக் கட்டி ஒரு தடுப்பு வைத்தால் அந்தப் பிரச்சினையே எழாது.

குறிப்பு: எக்செல் தெரிந்த மாணவர் இருந்தால், அதே 15 போட்டிகளையும் ஆயிரம் முறை ஓடவிட்டு எந்த அணி எத்தனை முறை முதலிடம் பெறுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் அதைக் கட்டைப் போட்டி முடிந்த பின் காட்டுங்கள். முன்பே காட்டினால் யாரும் கட்டையைப் பார்க்கமாட்டார்கள்.

எழும் ஆட்சேபங்கள்

“கட்டையின் அதிர்ஷ்டத்தில் வந்த முடிவுக்கு என்ன மதிப்பு?” என்பதுதான் முதலில் வரும். உண்மைப் போட்டிக்கும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். 72 வெற்றி, 10 தோல்வி என்று முடித்த அதே புல்ஸ், 1996 மார்ச் 24இல் டொரன்டோ ரப்டர்ஸிடம் 108–109 எனத் தோற்றது. ரப்டர்ஸுக்கு அது முதற்பருவம், அந்தப் பருவம் முழுவதிலும் 21 போட்டிகளைத்தான் வென்றார்கள். மைக்கல் ஜோர்டன் விளையாடிய அணிக்கே ஒருநாள் கட்டை தவறாக விழும் என்றால், நம் கோப்பையில் விழுவதில் வியப்பில்லை. ஆகவே “புல்ஸை வொரியர்ஸ் வென்றது” என்று அறிவியுங்கள், “புல்ஸைவிட வொரியர்ஸ் சிறந்தது நிரூபணமானது” என்று அறிவிக்காதீர்கள். முதல் வாக்கியம் நடந்தது, இரண்டாவது நடக்கவில்லை.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது: “தன் காலத்தவரை விஞ்சியது பெரிதுதான், ஆனால் அந்தக் காலத்தவரே பலவீனமானவர்களாக இருந்தால்?” 1995–96இல் டொரன்டோவும் வன்கூவரும் புதிதாகச் சேர்ந்து அணிகள் 29 ஆயின. 1970–71இல் பஃபலோ, கிளீவ்லாண்ட், போர்ட்லண்ட் என மூன்று புதிய அணிகள் வந்தன. போதாததற்கு 1967 முதல் 1976 வரை ஏ.பி.ஏ. என்ற போட்டி லீக்கும் இருந்ததால் நல்ல வீரர்கள் இரண்டு பக்கமும் பிரிந்திருந்தார்கள். இந்தக் குறையை நம் சுட்டியால் தானாகத் தீர்க்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். புதிய அணிகள் வந்த பருவத்து அணிக்குத் தாக்குதலில் ஒன்றைக் குறைத்துத் தடுப்பில் ஒன்றைக் கூட்டிப் பார்ப்போம். புல்ஸ் 104.7, 94.4 ஆகும். எதிர்பார்ப்பு மாறிப் புல்ஸ் 103.4, வொரியர்ஸ் 103.7. ஒரே ஒரு சுட்டிப் புள்ளியில் முன்னிலை கைமாறிவிட்டது! எந்த விதி சரி என்பதில் நேர்மையான இருவர் முரண்படலாம். அதனால்தான் விதியை முன்கூட்டியே எழுதி ஒட்டச் சொன்னேன். முடிவைப் பார்த்தபின் விதி எழுதுபவர், தனக்குப் பிடித்த அணிக்குக் கிண்ணத்தைக் கையளிக்கிறார், அவ்வளவுதான். முடிந்தால் இரண்டு விதியிலும் நடத்தி இரண்டு முடிவையும் பலகையில் எழுதுங்கள்.

வலைப்பந்துக்கு மாற்றுதல்

வன்னிப் பாடசாலைகளில் கூடைப்பந்துத் திடலைவிட வலைப்பந்துக் கம்பத்தைக் காண்பது எளிது. அதனால் இரண்டாவது பயிற்சி அதில் இருக்கட்டும். ஆசிய வலைப்பந்துச் சம்பியன் கிண்ணத்தை இலங்கை 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் வென்ற அணிகளில் யாழ்ப்பாணத்தின் தர்ஜினி சிவலிங்கம் விளையாடினார். 208 சென்ரிமீற்றர் உயரமுள்ள அவரே 2019 உலகக் கிண்ணத்தில் அதிக கோல் போட்டவர். அப்துல் ஜப்பாருக்கு எழுதிய விதி அவருக்கும் பொருந்தும்.

2018 இறுதியில் இலங்கை சிங்கப்பூரை 69–50 என வென்றது. 2022 இறுதியில் அதே சிங்கப்பூரை 63–53 என வென்றது. எதிரணி பொதுவாக இருப்பதால் ஒப்பிட வசதி. இரு இறுதிகளிலும் ஓர் அணிக்கான சராசரி முறையே 59.5, 58. அதனால் வகுத்தால் 2018 அணிக்குத் தாக்குதல் 116, தடுப்பு 84. 2022 அணிக்கு 108.6, 91.4. ஆனால் இவற்றை அப்படியே பயன்படுத்தக்கூடாது. என்.பி.ஏ. எண்கள் 82 போட்டிகளின் சராசரி, இவை ஒவ்வொன்றும் ஒரே போட்டியின் சாட்சியம். சாட்சியம் குறைந்தால் நம்பிக்கையையும் குறைக்க வேண்டும். என் பரிந்துரை இது: ஐந்து போட்டி வரை மட்டும் தரவு இருந்தால் 100இலிருந்து உள்ள தூரத்தைப் பாதியாக்குங்கள். ஆறிலிருந்து பதினைந்து வரை இருந்தால் முக்கால் பங்கை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் முழுவதையும். பாதியாக்கினால் 2018 அணி 108, 92. 2022 அணி 104.3, 95.7. அடிப்படையை 59 கோல் என வைத்தால் எதிர்பார்ப்பு 61–57, 2018 அணிக்குச் சாதகம். வலைப்பந்தில் ஆறு கட்டையின் மாற்றத்தை இரட்டிக்க வேண்டாம். ஓர் அணி அறுபது கோல் அளவில் எடுக்கும் ஆட்டத்தில் அது மிகையாகும்.

சிங்கப்பூர் இரண்டு முறையும் ஒரே பலத்தில் இருந்ததா என்பதுதான் இங்குள்ள ஓட்டை. அந்தச் சந்தேகத்துக்கு இடமிருக்கிறது, 2024 இறுதியில் சிங்கப்பூர் இலங்கையை 67–64 என வென்றது. அளவுகோலே வளர்கிறது என்றால் 2022இன் பத்து கோல் வித்தியாசம், 2018இன் பத்தொன்பதைவிட நாம் நினைத்ததுபோல் அவ்வளவு பின்தங்கியதாக இராது. பாதியாக்கும் விதி இந்தச் சந்தேகத்தில் ஒரு பகுதியையும் சுமக்கிறது.

நம்மூர்க் கிண்ணம்

இனி உங்கள் பாடசாலையின் அல்லது கழகத்தின் வெற்றி அணிகள். இங்கே கணக்கைவிடத் தேடல்தான் பெரிய வேலை. 2008–09 போர்க்கால இடப்பெயர்வில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மக்கள் கையில் எடுத்துச்செல்ல முடிந்தவை மிகக் குறைவு. அலுமாரிக்குள் இருந்த புள்ளிப் பதிவேடுகள் அந்தப் பட்டியலில் முதலிடத்தில் இருந்திருக்காது. ஆகவே “பதிவு இல்லை, எனவே அந்த அணி சாதாரணமானது” என்ற முடிவுக்கு யாரும் வரக்கூடாது. சேம்பர்லெயினின் மறிப்புகளுக்குச் சொன்ன அதே நியாயம் இங்கே இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்.

தேடும் ஒழுங்கு:

1. கிண்ணங்களும் கேடயங்களும். அடித்தகட்டில் ஆண்டும் போட்டியின் பெயரும் பொறித்திருக்கும்.
2. பழைய மாணவர் வீட்டிலுள்ள சான்றிதழ்கள். வயதுப் பிரிவைக் கவனியுங்கள், 17 வயதுப் பிரிவையும் 20 வயதுப் பிரிவையும் ஒரே அட்டவணையில் போடாதீர்கள்.
3. பாடசாலையின் ஆண்டு மலர்களும் பரிசளிப்பு விழா அறிக்கைகளும்.
4. பழைய பத்திரிகைகள். உதயன், வீரகேசரி, தினக்குரல் ஆகியவற்றின் விளையாட்டுப் பக்கங்களில் புள்ளிகள் இருக்கும். நூலகம் நிறுவனத்தின் எண்ணிமத் தொகுப்பில் ஈழத்துப் பத்திரிகைகளும் பாடசாலை மலர்களும் இலவசமாகக் கிடைக்கின்றன.
5. விளையாடியவர்களின் நினைவு. இது கடைசி. வெற்றி தோல்விக்கு நம்பலாம், புள்ளிக்கு நம்ப வேண்டாம். இருபது ஆண்டில் மூன்று கோல் வெற்றி பதின்மூன்று கோலாக வளர்ந்துவிடும்.

“மாகாணச் சம்பியன்” என்ற பட்டத்தைக் காணும்போது ஆண்டைப் பாருங்கள். வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக நிர்வகிக்கப்பட்டது 2006 இறுதிவரை. 2007 தொடக்கத்திலிருந்து தனித்தனி. முந்திய பட்டத்துக்கு எட்டு மாவட்டங்கள் போட்டிக்குள் வரலாம், பிந்தியதற்கு ஐந்து. அதேவேளை போர்க்காலத்தில் எல்லா மாவட்ட அணிகளும் வந்து சேர முடிந்ததா என்பதையும் விசாரியுங்கள். பட்டம் ஒன்றாக இருக்க, அதன் பின்னாலிருந்த எதிரணிகள் வேறாக இருக்கலாம். எதிரணிகளை அறியாமல் சுட்டி போட முடியாது.

கணக்கு எப்படி வரும் என்பதற்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. ஒரு பாடசாலையின் பழைய வலைப்பந்து அணிக்கு நான்கு போட்டிகளின் புள்ளி கிடைக்கிறது: சராசரியாக எடுத்தது 20, கொடுத்தது 12. அந்தச் சுற்றுப்போட்டியின் சராசரி 16. சுட்டி 125, 75. நான்கே போட்டி என்பதால் பாதியாக்கினால் 112.5, 87.5. அண்மைய அணிக்கு 18 போட்டிகளின் தரவு இருந்து சுட்டி 115, 88 என்றால் அதை அப்படியே வைக்கலாம். அடிப்படை 16 எனில் பழைய அணி 15.8, புதிய அணி 16.1. பழைய அணிக்கு அநியாயம் செய்துவிட்டோம் என்று அதன் ஆட்கள் கோபிப்பார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: இன்னும் இரண்டு போட்டியின் புள்ளியைக் கண்டுபிடித்து வாருங்கள், முக்கால் பங்கு தருகிறோம். பல வீட்டு அலுமாரிகள் இந்த ஒரு வாக்கியத்தில் திறக்கும். இத்தகைய சிறிய புள்ளி ஆட்டத்துக்கு மூன்று கட்டை போதும். கூட்டிலிருந்து 10.5ஐக் கழியுங்கள், இரட்டிக்க வேண்டாம்.

பாதுகாப்பும் எச்சரிக்கையும்

பழைய அணிப் படமொன்றைச் சுவரில் தொங்கவிடும் முன் அதிலுள்ளவர்களைப் பற்றி விசாரியுங்கள். போரில் இறந்தவர்களும் காணாமல் ஆக்கப்பட்டவர்களும் அதில் இருக்கலாம். குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் தனிப்பெயர்களை வெளியிடாதீர்கள், “2004 அணி” என்ற பெயரே போட்டிக்குப் போதும். ஒரு தாய் வேண்டாம் என்றால் காரணம் கேட்கக்கூடாது. மாறாகப் பெயரைச் சேர்க்கும்படி கேட்கும் குடும்பமும் இருக்கும். அதையும் அவர்கள் சொல்லும் எழுத்திலேயே எழுதுங்கள். மாணவிகளின் படங்களை முகநூலில் போடுவதற்குப் பெற்றோரிடம் தனியாகக் கேளுங்கள்.

தோல்வியை ஒருவர்மேல் சுமத்தும் கற்பனை வர்ணனையும் வேண்டாம். 1967இல் அமெரிக்க வானொலித் தயாரிப்பாளர் மறி வொரோனர் கணினியின் துணையோடு வேறு வேறு காலத்துக் குத்துச்சண்டை வீரர்களை மோதவிட்டார். அதில் ஜேம்ஸ் ஜெஃப்ரிஸிடம் தோற்றதாக ஒலிபரப்பப்பட்ட முகம்மது அலி, அவதூறு என்று பத்து லட்சம் டொலர் கேட்டு வழக்குத் தொடுத்தார். உங்கள் ஊரில் வழக்கு வராது, ஆனால் “அவ இறுதி நிமிசத்தில பந்தைத் தவறவிட்டா” என்று ஒலிவாங்கியில் ஒருவர் சும்மா சொன்னது ஒரு வீட்டுக்குள் பல மாதம் ஒலிக்கும். அணியின் புள்ளியை மட்டும் அறிவியுங்கள்.

பந்தயம் கட்ட இடம்கொடாதீர்கள். கட்டையும் முடிவு தெரியாத போட்டியும் ஒரே மேசையில் இருக்கும்போது நூறு ரூபாய்த் தாள் வெளியே வர அதிக நேரம் எடுக்காது. பாடசாலைக்குள் அது நடந்தால் அதிபர் நிகழ்வையே நிறுத்துவார், நிறுத்தவும் வேண்டும். ஊகம் சொல்லும் போட்டி வைக்க விரும்பினால் பரிசாகக் கொப்பியோ பேனையோ கொடுங்கள், நுழைவுப் பணம் வாங்காதீர்கள்.

எல்லாம் முடிந்ததும், கட்டை எண்கள் எழுதிய கொப்பியையும் தேடலில் சேர்ந்த சான்றிதழ், பத்திரிகைத் துண்டுகளின் படப்பிரதியையும் மூன்று இடத்தில் வையுங்கள்: பாடசாலை நூலகத்தில் ஒன்று, பழைய மாணவர் சங்கத்திடம் ஒன்று, ஊருக்கு வெளியே ஒன்று. இந்த ஆண்டு உங்கள் அணி விளையாடும் ஒவ்வொரு போட்டியின் புள்ளியையும், திகதி, எதிரணி, வயதுப் பிரிவு ஆகியவற்றோடு அன்றைக்கே எழுதத் தொடங்குங்கள்.